ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் வழிகாட்டியாகத் தொடங்குபவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் கேட்பார்கள்: "நான் படிச்ச ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும், என்ன செய்யலாம்?" பெரும்பாலும் அது நோட்டுப் புத்தகம், ஜியோமெட்ரி பாக்ஸ், ஆண்டு விழாப் பரிசு என்று முடிந்துவிடும். அதுவும் தேவைதான். ஆனால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவராலும், பாலக்கோட்டில் கடை வைத்திருப்பவராலும், அரூரில் கல்லூரி கடைசி ஆண்டு படிக்கிற பெண்ணாலும் இன்னொன்றும் முடியும். ஒரே ஒரு பிள்ளையோடு, வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு கல்வியாண்டு முழுவதும் தவறாமல் போய் உட்கார முடியும். பிள்ளைக்குத் தன்மேல் நம்பிக்கை வரவும், அது பள்ளிக்கு ஒழுங்காக வரவும் நான் பார்த்தவரை இதைவிட உறுதியாக உதவுவது வேறில்லை. எப்படித் தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் டியூஷன் எடுக்கப் போகவில்லை. பாடத்தில் உதவலாம், ஆனால் அது உங்கள் முதல் வேலை இல்லை. பணம், செல்போன், துணிமணி வாங்கித் தரவும் போகவில்லை. ஆசிரியரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. ஆனாலும் தன்னைப் பார்ப்பதற்காகவே ஒரு பெரியவர் வருகிறார் என்பதுதான் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது.

1. ஓர் ஆண்டு இருக்க முடியுமா என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி இது. பெங்களூருக்கு மாற்றல் வரலாம், கல்யாணம் நிச்சயமாகலாம், டி.என்.பி.எஸ்.சி.க்குத் தீவிரமாகப் படிக்க வேண்டியிருக்கலாம் என்றால் இப்போது தொடங்காதீர்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்கிறது. 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளை ஒன்றரை ஆண்டு கவனித்து, 1995இல் ஓர் ஆய்வு அங்கே வெளிவந்தது. வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களோடு ஒப்பிடும்போது பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறக்குறையப் பாதியாக இருந்தன. பாடம் தன்னால் முடியும் என்ற எண்ணமும் கூடியிருந்தது. அதே விவரங்களை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் இன்னொன்றைப் பார்த்தார்கள்: எவ்வளவு காலம் அந்த உறவு நீடித்தது? ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்களுக்குத்தான் நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது பாதியில் விட்டால் பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, கெடுதலும் நேர்கிறது.

இது நம் ஊரில் இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பென்னாகரம், அரூர், அஞ்செட்டி பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போயிருப்பார்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். "அடுத்த மாசம் வர்றோம்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, பெரியவர்கள் சொன்ன நாளில் வரமாட்டார்கள் என்று அது ஏற்கெனவே பழகியிருக்கும். ஜூனில் வந்து ஆடியில் காணாமல் போகிற அண்ணன் அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை.

ஓராண்டு முடியாது என்றால் செய்வதற்கு வேறு வேலைகள் உண்டு. பள்ளி நூலக அலமாரியைச் சீர்செய்யலாம். பத்தாம் வகுப்புக்குப் போய் உங்கள் வேலையைப் பற்றி ஒருநாள் பேசலாம்.

2. தலைமை ஆசிரியரைப் பாருங்கள்

நேராக ஒரு பிள்ளையிடம் போகக் கூடாது. உங்கள் சொந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி. பள்ளி திறந்த முதல் வாரத்தில் சேர்க்கை, டி.சி., பாடப் புத்தகம், பஸ் பாஸ் என்று ஹெச்.எம். தலைக்கு மேல் வேலையில் இருப்பார். மூன்றாம் வாரம் போங்கள். நீங்கள் யார், எங்கே வேலை, என்ன கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள், எதுவரை வருவீர்கள் என்று ஒரு பக்கக் கடிதமும், ஆதார் நகலும் கொண்டுபோங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். யார் என்று தெரியாத ஒருவரைப் பிள்ளைகளிடம் விடாமல் இருப்பது அவருடைய கடமை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. விடுதிப் பிள்ளைகள் என்றால் விடுதிக் காப்பாளரோடு நிறுத்தாமல் அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்தது வீடு. வகுப்பாசிரியரோடு சேர்ந்து, சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்த பிறகு போங்கள். பெற்றோருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். பள்ளிப் பெண்களைத் தேடி மில்லுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் வந்துபோன ஊர்கள் இவை. "பள்ளிக்கூடத்திலேயே, டீச்சர் கண் முன்னாடியே உட்கார்ந்து பேசுவேன், படிக்க வைப்பேன். வெளியே எங்கேயும் கூட்டிப் போக மாட்டேன். காசு எதுவும் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டி மட்டும் இருந்தால் அவரிடமே சொல்லுங்கள், அப்பாவுக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி ஹெச்.எம்.மிடம் கொடுத்துவிடுங்கள்.

3. எந்தப் பிள்ளை?

நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கண்ணில் படுவது துறுதுறுப்பான பிள்ளைதான். வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: திங்கட்கிழமை அடிக்கடி லீவு போடுவது யார்? ஒருதடவைகூடக் கை தூக்காதது யார்? மதியச் சாப்பாட்டில் தனியாக உட்கார்வது யார்? இந்த மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் அந்தப் பிள்ளைதான். ஆண் பிள்ளைக்கு ஆண், பெண் பிள்ளைக்குப் பெண் என்று வைத்துக்கொள்வதுதான் இங்கே எல்லோருக்கும் நிம்மதி.

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் தொடங்கச் சொல்வேன். எட்டு வரை தடையின்றித் தேர்ச்சி பெற்று வந்த பிள்ளை, ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் படிக்க முடியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கலாம். அங்கே ஐந்து பாடமும் ஒரே நேரத்தில் கனத்துவிடும். அடுத்த ஆண்டு பப்ளிக் எக்ஸாம் என்ற பயம் வேறு. "எனக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளை தானே முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு போய் நின்றால் உங்களால் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

4. முதல் மாதம் கேள்விகளைக் குறையுங்கள்

மார்க் கேட்க வேண்டாம். அப்பா என்ன வேலை என்று கேட்க வேண்டாம். பெரியவனாகி என்ன ஆவாய் என்றும் கேட்க வேண்டாம், கலெக்டர் என்று ஒரு பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். "எந்தத் தெரு, எந்த ஆளுங்க?" என்ற கேள்வியைச் சுற்றி வளைத்தும் கேட்கக் கூடாது. நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதன் பிறகு அது உங்களிடம் மனம் திறக்காது.

கேட்கலாம் என்றால் இவற்றைக் கேளுங்கள்: எந்த பஸ்ஸில் வந்தாய், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், வீட்டில் ஆடு மாடு இருக்கா. சாமந்தி, குண்டுமல்லி போடுகிற ஊர்களில் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து பூப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வரும். முதல் பீரியடில் தூங்குகிறான் என்று திட்டு வாங்கும் பையனுக்கு இந்தக் கேள்வி ஒரு பெரிய ஆறுதல்.

அப்புறம் ஒன்று. பிள்ளை பேசாது. சில சமயம் ஒரு மாதம் முழுக்க "ம்", "இல்லண்ணா" தவிர வேறொன்றும் வராது. அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள்: கேரம் போர்டு, பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர், கிழிந்த அட்லஸுக்கு அட்டை போடுவது. முகத்தைப் பார்த்துப் பேச வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தபடி பேச வரும்.

பல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரிதும் இதற்காகத்தான். ஆனாலும் பல்லில் பழுப்புக் கறையோடு இருக்கிற பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்துவார்கள், வாசிக்கச் சொன்னால் உதட்டைத் திறக்காமல் வாசிப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதை வெட்கம் என்றோ, வாசிக்கத் தெரியவில்லை என்றோ நினைத்துவிடுகிறார்கள். "நல்லாப் பல்லு விளக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். பல் உருவாகும் சிறு வயதில் குடித்த தண்ணீரால் வந்த கறை அது, தேய்த்தால் போகாது. அந்தப் பிள்ளையின் தவறு அதில் துளியும் இல்லை. இதைச் சமயம் பார்த்து ஒருமுறை, தண்ணீரைப் பற்றிய அறிவியல் செய்தியாகச் சொன்னால் போதும். அதன்பின் கையை எடுத்துவிட்டுச் சிரித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஓசூர், தளி, பாகலூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் தமிழில் தயங்கினால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். உங்களுக்கு அந்த மொழி தெரிந்தால் அதிலேயே தொடங்குங்கள்.

5. ஒரு வேலையை முடிக்க வையுங்கள்

"உன்னால் முடியும்" என்று நூறு தடவை சொன்னாலும் பிள்ளைக்கு நம்பிக்கை வராது. தானே ஒன்றைச் செய்து முடித்த பிறகு வரும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதைத் தெளிவாக எழுதினார்: தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் உண்டு, அவற்றில் வலுவானது தானே செய்து பார்த்து வென்ற அனுபவம், அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அந்த வலு இல்லை. ஆகவே வழிகாட்டியின் உண்மையான வேலை, பிள்ளை வெல்லக்கூடிய அளவுக்குச் சின்ன வேலையைக் கண்டுபிடிப்பதுதான்.

வாசிப்பில் திணறும் ஒன்பதாம் வகுப்புப் பையனை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள். நான்காம் வகுப்புப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள், அது அவமானம். பஸ் டிக்கெட், விதைப் பாக்கெட்டின் பின்பக்கம், கிரிக்கெட் செய்தி, இவற்றில் நான்கு வரியிலிருந்து தொடங்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு பத்தி. பிறகு ஒரு சின்னக் கதையை உங்களிடம் வாசித்துக் காட்டட்டும். கதை தடங்கலில்லாமல் வந்துவிட்டால், பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் அனுமதி கேட்டு, அவனுடைய ஆசிரியர் கூட்டிப்போக, அதே கதையை இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அவன் வாசிக்கட்டும். இந்த இடத்தில்தான் மாற்றம் நடக்கும். "அண்ணா, இன்னொரு கதை" என்று ஏழு வயதுப் பிள்ளைகள் கேட்கும்போது, வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன் முதல்முறையாகத் தெரிந்தவனாக நிற்கிறான். அரையாண்டுக்குள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவனை ஆசிரியரிடம் நீங்கள் பரிந்துரைக்கலாம். அவன் சம்மதித்தால் மட்டும். முந்தின நாளே செய்தியைக் கொடுத்து நான்கைந்து தடவை வாசிக்க வையுங்கள். அன்று காலை கூட்டத்தின் பின்வரிசையில் நீங்கள் நில்லுங்கள்.

பாடத்துக்கு வெளியேயும், நீங்கள் கூட்டிப் போகாமல் வீட்டாரோடு போய்ப் பிள்ளை செய்யக்கூடிய வேலைகள் உண்டு. கிளை நூலகத்தில் உறுப்பினர் படிவத்தைத் தானே நிரப்புவது, வங்கியில் பாட்டிக்குப் பணம் எடுக்கும் சீட்டு எழுதுவது, சாதிச் சான்று விண்ணப்பிக்க இ-சேவை மையத்தில் என்னென்ன வேண்டும் என்று தானே கேட்டு வருவது. நீங்கள் செய்து கொடுத்தால் ஐந்து நிமிடம்தான். பொறுத்திருங்கள். ஒரு கவுன்ட்டர் முன் நின்று பேசத் தெரிந்த பிள்ளை, அடுத்த வாரம் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும்.

பாராட்டும்போது "சூப்பர்", "வெரிகுட்" என்று பொதுவாகச் சொல்லாமல், எதைப் பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். "போன வாரம் 'ஒற்றுமை'யில் நின்னுட்டே, இன்னைக்கு நிக்காம தாண்டிட்ட." அவ்வளவு போதும். நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியும்.

6. பள்ளி வாழ்க்கையில் முதலில் வருகை, பிறகு பாடம்

ஒரு மாதக் காலண்டரைப் பிள்ளையோடு சேர்ந்து வைத்துக்கொண்டு, வந்த நாட்களில் அதுவே டிக் போடட்டும். வராத நாளுக்குக் காரணத்தைத் திட்டாமல் எழுதுங்கள். சில மாதங்களில் ஒரு போக்கு தெரியும். மாங்காய் சீசனில் தோப்புக்குப் போனது, தக்காளி பறிப்பு, ஊர்த் திருவிழா, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, காலை டவுன்பஸ் வராதது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் ஒரு பஸ் தவறினால் அன்றைய பள்ளியே போயிற்று. ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. சோம்பல் என்று ஒரே பெயர் வைத்தால் எதையும் தீர்க்க முடியாது.

ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளை உங்களிடம் சொன்னதை அவரிடம் கோள் சொல்லவும் கூடாது. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பேசுங்கள், அதில் பிள்ளை செய்த நல்லது ஒன்றையாவது சொல்லுங்கள். ஆசிரியரின் பார்வை மாறினால் வகுப்பில் அந்தப் பிள்ளையின் இடம் மாறும்.

மார்க் விஷயத்தில் ஆசையை அடக்கி வையுங்கள். 2007இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, பள்ளிக்குள்ளேயே நடக்கும் இத்தகைய வழிகாட்டலைப் பார்த்தது. முதல் ஆண்டு முடிவில் பாட வேலை ஓரளவு மேம்பட்டது, மட்டம் போடுவது குறைந்தது. ஆனால் வழிகாட்டல் நின்றுபோன பிறகு அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி நிற்கவில்லை. காலாண்டில் 28 வாங்கியவன் அரையாண்டில் 35 தொட்டால் நல்ல ஆண்டு என்று நினையுங்கள்.

பத்தாம் வகுப்பில் தவறிவிட்டால் ரிசல்ட் வந்த அன்றே பிள்ளையைப் பாருங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். துணைத்தேர்வு அதே கோடையில் வந்துவிடும், அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரலாம் என்பதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள்.

மேற்படிப்புக்கு என்ன இருக்கிறது என்பதையும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லலாம். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிப்பதை மறைக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தகவல்கள் ஒரு நிமிர்வைத் தரும்.

7. பெண் பிள்ளைகளுக்கு

நம் மாவட்டங்களில் பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வழிகாட்டியான அக்காக்கள் இதை மனத்தில் வைத்தே தொடங்க வேண்டும். முதல் மாதத்திலிருந்தே அம்மாவோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகு போய் நின்றால் அந்நியர் ஆகிவிடுவீர்கள். பக்கத்து ஊரில் படித்து நர்ஸாகவோ, ஓசூரில் கம்பெனியிலோ வேலை செய்யும் ஒரு பெண்ணை அம்மாவுக்கு அறிமுகப்படுத்துவது, சட்டத்தைச் சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தயங்க வேண்டாம். பதினெட்டுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், தகவல் சொன்னவர் பெயர் வெளியே வராது.

8. மீறக் கூடாத எல்லைகள்

மூடிய அறையில் தனியாக உட்காரக் கூடாது, வராந்தாவோ மரத்தடியோ போதும். பைக்கில் ஏற்றிப் போகக் கூடாது. இரவில் வாட்ஸ்அப் பேச்சு கூடாது, தகவல் எல்லாம் பெற்றோர் போனுக்கே. பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு நீங்கள் செய்யும் உதவி ஊருக்குத் தெரிந்தால், அந்தப் பிள்ளை அந்த ஊரில்தான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது என்பதை யோசியுங்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். நீங்களாக விசாரணை நடத்தாதீர்கள். 1098 இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. பிள்ளை ரொம்ப மனம் உடைந்திருந்தால் 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் 14416. தேர்வு, பள்ளி பற்றிய சந்தேகங்களுக்குக் கல்வித் துறையின் எண் 14417.

9. முடிக்கும் விதம்

வர முடியாத வாரம் வந்தால் முந்தின நாளே பள்ளிக்குப் போன் செய்து, பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள். கல்வியாண்டு முடிவதைப் பொங்கல் விடுமுறை கழிந்ததும் பேசத் தொடங்குங்கள். இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று காலண்டரில் பிள்ளையே எண்ணட்டும். அடுத்த ஆண்டும் வருவீர்களா என்று கேட்டால் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் "ஆமா" சொல்லுங்கள். வரப்போவதில்லை என்றால், பள்ளியிலேயே அந்தப் பிள்ளை போய்ப் பேசக்கூடிய ஓர் ஆசிரியர் யார் என்று அதையே கேட்டு, மார்ச்சுக்குள் மூவரும் சேர்ந்து இரண்டு மூன்று முறை உட்காருங்கள். காலண்டரையும் வாசித்த கதைகளின் பட்டியலையும் அந்த ஆசிரியர் முன்னால் பிள்ளையிடமே கொடுங்கள். தொடர்வதாக இருந்தால் ஏப்ரலிலேயே ஹெச்.எம்.மிடம் புதிய கடிதம் கொடுத்துவிடுங்கள், ஜூனில் அவருக்கு நேரம் இருக்காது.